ஒரே ஆள் மிஞ்சிய அரசியல் அறிவியல் துறைக்கு ஐந்தாண்டுத் திட்டம்: என்ன எழுதலாம்?

கரிசல்வாத்தி

வணக்கம். கலிஃபோர்னியாவின் சென்ட்ரல் வேலியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். துறையில் முழுநேர ஆசிரியர்கள் இரண்டு பேர் இருந்தோம். மூத்தவர் ஜூனில் ஓய்வு பெற்றார். அந்த இடத்தை நிரப்புவதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. இப்போது முழுநேரம் நான் மட்டும். மீதி வகுப்புகள் பார்ட் டைம் ஆசிரியர்கள் தயவில் ஓடுகின்றன. இந்த வருஷம் பார்த்து எங்களுக்குப் புரோகிராம் ரிவ்யூ. அடுத்த ஐந்து வருஷம் துறை எங்கே போகிறது என்று எழுதித் தரச் சொல்கிறார்கள்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சின்ன விளக்கம். இங்கே 73 கல்லூரி மாவட்டங்கள் (கல்லூரிகளை நிர்வகிக்கும் வட்டார அமைப்புகள்), 116 கம்யூனிட்டி காலேஜ்கள். 1960 மாஸ்டர் பிளான் போட்ட மூன்றடுக்கில் மேலே யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), நடுவில் கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்), கீழே நாங்கள். 18 வயது ஆன யாரும் சேரலாம், இந்த மாநிலத்துக்காரர்களுக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவு இதில்தான், ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று யூனிட்) 46 டாலர். இரண்டு வருஷம் படித்துவிட்டு மேலே உள்ள இரண்டில் ஒன்றுக்கு மாறிப் போவார்கள்.

எங்கள் நிலைமை இதுதான். 'அமெரிக்க அரசு' வகுப்பு எத்தனை போட்டாலும் நிரம்பும். அது எங்கள் திறமை இல்லை. கால் ஸ்டேட்டில் பட்டம் வாங்க அமெரிக்க வரலாறும் அரசியலமைப்பும் படித்தே ஆக வேண்டும், கலிஃபோர்னியாவின் மாநில அரசும் உள்ளாட்சியும் அதில் சேர்த்தி. நர்சிங் போகிற பிள்ளையும் எங்கள் வாசலை ஒரு தடவை மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். அரசியல் கோட்பாடு, ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள் இந்த மூன்றுக்கும்தான் ஆள் சேர்வதில்லை. வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது டீன் ஆபீஸ் தலையை எண்ணும், ரத்து செய்துவிடும்.

மேலிடத்தில் இருந்து காதில் விழுபவை: டிரான்ஸ்ஃபர் பட்டத்தை (பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போக வழி செய்யும் இரண்டு வருஷப் பட்டம்) எடுத்துவிட்டு அமெரிக்க அரசை மட்டும் நடத்துவது, வரலாற்றோடு சேர்த்து ஒரே துறையாக்குவது, எல்லாவற்றையும் ஆன்லைனுக்குத் தள்ளுவது. எனக்கு மூன்றும் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று மட்டும் பக்கம் பக்கமாக எழுத முடியாதே. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஃப்ரீமாண்ட் அம்மா

சார், நான் ஆசிரியர் இல்லை. ஆனா உங்க வகுப்பை நிரப்புறதுல எங்களுக்கும் பங்கு இருக்கு :) பே ஏரியாவுல (சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம்) நம்ம ஆளுங்க பிள்ளைகளை பத்தாவது, பதினொன்னாவது முடிச்ச கோடைல கம்யூனிட்டி காலேஜ் அமெரிக்க அரசு வகுப்புல சேர்த்துவிடுறது வழக்கம். ஹை ஸ்கூல்ல பன்னிரண்டாவதுல கட்டாயமா இருக்கிற அரசுப் பாடம் கழிஞ்சிடும், யூசி கிரெடிட்டும் கிடைக்கும், ஹை ஸ்கூல்லயே கல்லூரி கிரெடிட்டுக்காக எழுதுற ஏபி பரீட்சைத் தொல்லையும் இல்லை. வாட்ஸ்அப் குரூப்புல ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கிற நாளை மாறி மாறி போட்டுக்குவோம்.

என் பையனும் அப்படித்தான் முடிச்சான். பாடம் பிடிச்சுது. இதுக்கு அடுத்து இதே காலேஜ்ல வேற அரசியல் பாடம் இருக்கான்னு கேட்டான். எனக்குத் தெரியல, அவங்க ஆபீஸ்ல கேட்டா அவங்களுக்கும் தெரியல. உங்ககிட்ட வர்ற இந்தப் பிள்ளைங்க அந்தத் திட்டத்துல எங்கயாவது வர்றாங்களா?

எண்கணக்கன்

இன்னொரு மாவட்டத்தில் நிறுவன ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். டீனுக்கு என்ன தெரிகிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

எங்கள் நாணயம் எஃப்டிஇஎஸ், அதாவது வகுப்பு மணிகளை முழுநேர மாணவர்களாக மாற்றிப் போடும் கணக்கு. ஒரு முழுநேர மாணவர் என்பது 525 வகுப்பு மணி. மூன்று யூனிட் பாடம் ஒன்று ஒரு பருவத்தில் 52.5 மணி. ஆக பத்து தலை ஒரு எஃப்டிஇஎஸ். 40 பேர் இருக்கும் அமெரிக்க அரசு 4 தரும். 12 பேர் இருக்கும் அரசியல் கோட்பாடு 1.2 தரும். ஆசிரியர் சம்பளம் இரண்டுக்கும் அதேதான். அந்த ஒரு வரியை மட்டும் திரையில் பார்க்கிறவர் ரத்து பட்டனைத்தான் அழுத்துவார்.

ஆனால் அதே திரையில் வேறு கணக்கும் போடலாம். எட்டு செக்‌ஷன் தலா 40, ஒன்று 12 என்றால் மொத்தம் 332. சராசரி 37க்குக் கொஞ்சம் கீழே. பல கல்லூரிகளில் மற்ற துறைகள் இந்தச் சராசரிக்கு ஏங்குகின்றன. துறைக்குச் சராசரி இலக்கு ஒன்றை எழுதி வாங்குங்கள். வகுப்புவாரியாக எண்ணுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2018இல் வந்த நிதிச் சூத்திரத்தில் சுமார் 70 சதம் சேர்க்கை, 20 சதம் உதவித்தொகை வாங்கும் மாணவர்கள், 10 சதம் தேர்ச்சி. அந்தத் தேர்ச்சிப் பங்கில் டிரான்ஸ்ஃபர் பட்டத்துக்கு 4 புள்ளி, சாதாரண அசோசியேட் பட்டத்துக்கு 3. பட்டத்தை எடுத்தால் எவ்வளவு போகும் என்று உங்கள் ஆய்வுப் பிரிவிடம் கேட்டு வாங்குங்கள். பெரிய தொகை வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பூஜ்யம் இல்லை என்று காட்ட உதவும்.

ஃப்ரீவே பறவை

ரெண்டு பேர் சொன்னதையும் படிச்சேன். இந்தக் கணக்குல நான் எங்க இருக்கேன்னு தேடினேன், காணோம்.

நான் பார்ட் டைம். மூணு காலேஜ்ல எடுக்கிறேன். சட்டப்படி ஒரு மாவட்டத்துல முழுநேர சுமையில 67 சதத்துக்கு மேல எனக்குத் தர முடியாது, அதாவது மூணு வகுப்பு. அதனாலதான் 99ம் நம்பர் ரோட்டுலயே வாழ்க்கை ஓடுது. இப்ப உங்க அரசியல் கோட்பாடு வகுப்பை முழுநேர ஆசிரியர் எடுக்கிறார்னு வைங்க. ஆள் சேரல, ரத்து. அவருக்கு ஒப்பந்தப்படி அஞ்சு வகுப்பு இருந்தே ஆகணும். அப்ப என்ன நடக்கும்? 40 பேர் நிரம்பின என் வகுப்பு அவருக்குப் போகும். எனக்கு டீன் ஆபீஸ்ல இருந்து ஒரு ஈமெயில் வரும். பாடத்திட்டம் தயார் பண்ணின கோடைக்கு ஒரு காசு கிடையாது, சில மாவட்டத்துல மட்டும் ஏதோ கொஞ்சம் ஈடு தருவாங்க.

துறையோட எதிர்காலத்துக்காக "கொஞ்சம் துணிஞ்சு" சின்ன வகுப்பு போடலாம்னு நீங்க எழுதுற ஒவ்வொரு வரியிலயும் துணியறது நீங்க, விலை கொடுக்கிறது நான். 1988ல ஏபி 1725ங்கிற மாநிலச் சட்டம் வந்தப்பவே 75 சதம் வகுப்பு முழுநேர ஆசிரியர்கள் எடுக்கணும்னு இலக்கு வைச்சாங்க. எங்க போச்சு அது?

ஹூஸ்டன் வெயில்

டெக்சாஸ்ல இருந்து. எங்க ஊர்ல பொதுக் கல்லூரி எதுல இளங்கலை முடிக்கணும்னாலும் 6 கிரெடிட் மணி, அதாவது ரெண்டு அரசுப் பாடம் கட்டாயம். மாநிலச் சட்டம். கவர்மெண்ட் 2305 மத்திய அரசு, 2306 டெக்சாஸ் அரசு. செக்‌ஷன் போட்டு மாளாது. ஆசிரியர் வேலைக்கும் பங்கமில்லை.

ஆனா துறைன்னு ஒண்ணு இருக்கான்னு கேட்டா, நான் வேலை பார்க்கிற இடத்துல இல்லை. அந்த ரெண்டு பாடத்தையே திருப்பித் திருப்பி நடத்துற கூட்டம்தான் இருக்கு. யாரும் யாரையும் பார்க்கிறதில்லை. அமெரிக்க அரசை மட்டும் வைச்சுக்கலாம்னு உங்க மேலிடம் சொல்றது எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா இங்க வாங்க.

கட்டாயத்தை நம்பி உட்காரவும் முடியாது. 2024 ஜனவரியில ஃபுளோரிடாவுல சமூகவியல் அறிமுகப் பாடத்தைப் பொதுப்பாடப் பட்டியல்ல இருந்து தூக்கினாங்க. கட்டாயம் குடுக்கிறவனே எடுக்கவும் செய்வான்.

வைகைக்கரை

தப்பா எடுத்துக்காதீங்க. இங்க தமிழ்நாட்டுல சமுதாயக் கல்லூரின்னா தையல், ஏசி மெக்கானிக், நோயாளி பராமரிப்புன்னு வேலைக்கான படிப்பு. 90களின் நடுவுல பாண்டிச்சேரியிலயும் சென்னையிலயும் தொடங்கினதே அதுக்குத்தான். பி.ஏ. அரசியல் அறிவியல் எடுக்கிறவங்களும் டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி கணக்குலதான் எடுப்பாங்க. அமெரிக்காவுல விவசாய ஊர்ல ரெண்டு வருஷம் அரசியல் படிச்சு என்ன பண்ணுவாங்க?

கரிசல்வாத்தி

வைகைக்கரை, நியாயமான கேள்வி. டீனும் இதைத்தான் கேட்கிறார், இவ்வளவு நேராகக் கேட்பதில்லை.

இங்கே விவசாய ஊர் என்பதாலேயே அரசியல் படிக்க வேண்டும். 2014இல் கலிஃபோர்னியா நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டது. அதுவரை ஆழ்துளைக் கிணறு போட்டவன் எடுத்ததுதான் தண்ணீர். அந்தச் சட்டத்துக்குப் பிறகு வட்டாரத்துக்கு வட்டாரம் நீர் மேலாண்மை முகமைகள் வந்தன. அதிகம் உறிஞ்சப்பட்ட படுகைகள் 2040க்குள் சமநிலைக்கு வர வேண்டும், அதில் பெரும்பகுதி எங்கள் பள்ளத்தாக்கில்தான். எந்த நிலத்தைத் தரிசு போடுவது, யார் கிணற்றுக்கு மீட்டர், கட்டணம் எவ்வளவு என்று ஒரு சின்னக் கூட்ட அறையில் முடிவெடுக்கிறார்கள். பாதாம் தோட்டக்காரரின் வக்கீல் அங்கே இருப்பார். அந்தத் தோட்டத்தில் வேலை செய்பவரின் வீட்டுக் குழாய் வற்றிப் போயிருக்கும், அவர் இருக்க மாட்டார். அவர் மகள் என் வகுப்பில் இருக்கிறாள்.

1953இல் வந்த பிரவுன் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகளின் வழக்கமான கூட்டங்களுக்கு 72 மணி நேரம் முன்னால் நிகழ்ச்சி நிரல் ஒட்ட வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் தர வேண்டும். இதை வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நிஜமாகவே ஒரு கூட்டத்துக்குப் போய் வந்து எழுதச் சொல்கிறேன். போய் வந்த பிறகு பரீட்சைத் தாளின் தரமே வேறு.

வேலையும் உண்டு. 58 கவுண்டி, 480க்கு மேற்பட்ட நகரங்கள், அதற்கு மேல் பள்ளி மாவட்டங்கள், நீர், தீயணைப்பு என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி உள்ளாட்சி அமைப்பாக ஆயிரக்கணக்கான சிறப்பு மாவட்டங்கள். அத்தனைக்கும் எழுத்தர், ஆய்வாளர், தேர்தல் அலுவலர் வேண்டும். சட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு 2014 முதல் 2+2+3 பாதை: இங்கே இரண்டு, பல்கலைக்கழகத்தில் இரண்டு, சட்டக் கல்லூரியில் மூன்று.

ஃப்ரீவே பறவை, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

பனங்கூடல்

நான் படிச்ச பக்கத்தில இருந்து ஒரு கதை. யாழ்ப்பாணத்தில இருந்து இஞ்ச வந்து, கடையில நிண்டு வேலை செய்துகொண்டு, முப்பது வயசுக்குப் பிறகு கம்யூனிட்டி கொலிஜில சேர்ந்தனான். அரசியல் அறிவியல் டிரான்ஸ்ஃபர் பட்டம். ஒப்பீட்டு அரசியல் படிக்க வேணும் எண்டுதான் சேர்ந்ததே. ஏனெண்டு உங்களுக்கு விளங்கும். சமஷ்டி, ஒற்றையாட்சி எல்லாம் எங்கட வீட்டில சாப்பாட்டுக்கு மேல பேசின விசயம்.

அந்த வகுப்பு தொடங்க முந்தின கிழமை ரத்து. கவுன்சிலரிட்ட கேட்டன், அடுத்த முறை எப்ப வரும் எண்டு. "சொல்லேலாது, ஆக்கள் சேர்ந்தால் வரும்" எண்டார். கடையில லீவு மாத்தி, மாமியைப் பிள்ளைக்கு ஒழுங்கு செய்து வைச்சிருந்தனான். பிறகு மனம் விட்டுப் போய் வணிக நிர்வாகத்துக்கு மாறிட்டன். அங்க எல்லா வகுப்பும் எல்லாப் பருவத்திலயும் இருந்தது.

ஆக்கள் சேரேல்ல எண்டு வகுப்பை நிப்பாட்டுறியள். வகுப்பு நடக்குமோ நடக்காதோ எண்டு தெரியாமல் ஆர் சேருவினம்? நேர அட்டவணை இல்லாத பஸ்ஸுக்கு ஒருத்தரும் தரிப்பில நிக்க மாட்டினம். உங்கட திட்டத்தில நோக்கம், தூரநோக்கு எல்லாம் எழுதுங்கோ. ஆனால் எந்தப் பாடம் எந்த வருசம் எந்தப் பருவத்தில கட்டாயம் நடக்கும் எண்டு முதல் பக்கத்தில போடுங்கோ.

எண்கணக்கன்

மேலே பனங்கூடல் சொன்னது எங்கள் தரவில் ஒருபோதும் தெரியாது. ரத்தான வகுப்பில் இருந்த ஏழு பேர் எங்கே போனார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. கரிசல்வாத்தி, உங்கள் ஆய்வுப் பிரிவிடம் இதைக் கேட்கலாம்: ரத்தான வகுப்புகளில் பதிந்திருந்தவர்கள் அடுத்த பருவத்தில் என்ன துறையில் இருந்தார்கள்? தரவு இருக்கும், கேட்பவர்தான் இல்லை.

ஹூஸ்டன் வெயில்

சரி, ஆன்லைன் விஷயத்தை யாரும் தொடலியே? எல்லாத்தையும் ஆன்லைன் ஆக்கினா இந்த ஆள் சேராத பிரச்சினையே இருக்காதே.

ஃப்ரீவே பறவை

தொட்டுடலாம். நேரம் குறிக்காத ஆன்லைன் வகுப்பு முதல் நாளே நிரம்பும், உண்மைதான். அதுல எத்தனை பேர் நிஜம்? உதவித்தொகை அடிக்கிறதுக்காகப் போலிப் பெயர்ல பதியறவங்களைக் களையெடுக்கவே முதல் வாரம் போயிடுது. நிஜப் பிள்ளை வெயிட் லிஸ்ட்ல நிக்கும். மிஞ்சினவங்க எழுதுறதுல பாதி சாட்பாட் எழுதினது. கூட்டாட்சி பத்தி எல்லாரும் ஒரே மாதிரி அழகா எழுதுறாங்க, நேர்ல கேட்டா முழிக்கிறாங்க.

கரிசல்வாத்தி

ஆன்லைனில் எனக்குப் பெரிய பயம் வேறு. 2025 இலையுதிர் பருவத்தில் இருந்து பொதுப் பாட எண் முறை அமலுக்கு வந்திருக்கிறது. முதல் தவணையில் போட்ட ஆறு பாடங்களில் அமெரிக்க அரசும் ஒன்று: போல்ஸ் சி1000. மாநிலம் முழுக்க ஒரே எண், ஒரே தலைப்பு, ஒரே அடிப்படைப் பாடத்திட்டம். மாணவருக்கு இது நல்லது, மாறிப் போகும்போது யூனிட் வீணாகாது. எங்களுக்கு? ஃப்ரெஸ்னோவில் இருக்கும் பிள்ளைக்கு சான் டியேகோவில் எடுத்தாலும் அதே பாடம். எங்கள் ஆன்லைன் வகுப்பை எடுக்க அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை. எது எங்களைத் தாங்குகிறதோ அதையே எல்லோரும் விற்கும் சரக்காக்கிவிட்டு, அதை மட்டும் வைத்துக்கொள் என்று சொல்வது விபரீதம்.

இடமும் சுருங்கிவிட்டது. 2020 சட்டத்தால் கால் ஸ்டேட்டில் இன ஆய்வுப் பாடம் கட்டாயமானபோது, முதல் இரண்டு வருஷத்தில் எடுக்க வேண்டிய சமூக அறிவியல் 9 யூனிட்டில் இருந்து 6 ஆனது. இப்போதைய கால்-கெட்சியிலும் (யூசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் மாறிப் போக ஒரே பொதுப்பாடப் பட்டியல்) இரண்டே பாடம், அதுவும் இரண்டு வேறு துறைகளில். முன்பு அமெரிக்க அரசு முடித்தவன் ஆசைக்கு சர்வதேச உறவுகள் எடுப்பான். இப்போது அதற்குக் கட்டம் இல்லை. இன ஆய்வு வந்ததை நான் குறை சொல்லவில்லை, வர வேண்டியதுதான். எங்கள் சின்ன வகுப்புகள் ஏன் இன்னும் சின்னதாயின என்பதற்கு மாணவரின் ஆர்வக் குறைவு மட்டும் காரணம் இல்லை என்கிறேன். ரிவ்யூவில் இது வராவிட்டால் "தேவை குறைகிறது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

ஹூஸ்டன் வெயில்

பொது எண் எங்களுக்குப் பழைய கதை. நீங்க சொல்றது சரி, பிள்ளைங்க மலிவா, சுலபமா எங்க இருக்கோ அங்க எடுக்குறாங்க. ஆனா எங்க ஊர் 2306 மட்டும் உள்ளூர் ஆசிரியர்கிட்ட நல்லா இருக்கும். ஹூஸ்டன் வெள்ளம், எந்த நிலத்துல என்ன கட்டலாம்னு பிரிக்கிற சோனிங் சட்டமே இல்லாத நகரம், இதெல்லாம் இங்க இருக்கிறவங்களுக்குத்தான் பேச வரும். உங்க தண்ணி விஷயம் அதே மாதிரி. அமெரிக்க அரசு வகுப்புல அந்த உள்ளாட்சிப் பகுதியைப் பெரிசாக்குங்க, நேர்ல வர ஒரு காரணம் ஆகும்.

கரிசல்வாத்தி

எல்லாம் படித்துவிட்டு வரைவை மாற்றி எழுதியிருக்கிறேன். நீளமானவற்றை விட்டுச் சாரம் மட்டும்.

முதல் பக்கத்தில் நான்கு பருவச் சுழற்சி. முதல் இலையுதிர் அரசியல் கோட்பாடு, வசந்தம் சர்வதேச உறவுகள், அடுத்த இலையுதிர் ஒப்பீட்டு அரசியல், அடுத்த வசந்தம் உள்ளாட்சியும் நீரும் என்று புதிதாக ஒரு பாடம். எல்லாம் மாலை 6 மணிக்கு, வாரம் ஒரு நாள், வேலைக்குப் போகிறவர்களுக்காக. கல்லூரி கேட்டலாக்கில் அச்சாகும். பத்துப் பேர் இருந்தால் ரத்து இல்லை. பதிலுக்குத் துறைச் சராசரி 35க்குக் கீழே போகாது என்று நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். எண்கணக்கனின் 332 கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டேன், நன்றி.

மாவட்டத்தில் எங்களுக்கு ஒரு சகோதரக் கல்லூரி உண்டு. அவர்களும் இதே பாடங்களைப் போட்டு அவர்களும் ரத்து செய்கிறார்கள். இருவரும் எதிரெதிர் சுழற்சியில் போட்டால் எந்தப் பருவத்திலும் இரண்டு கல்லூரிகளிலும் சேர்த்து இரண்டு வெவ்வேறு மேல்பாடங்கள் இருக்கும். இதற்கு யாருடைய பணமும் தேவையில்லை, இரண்டு டீன்கள் ஒரே அறையில் உட்கார வேண்டும். அதுதான் கஷ்டம்.

ஃப்ரீமாண்ட் அம்மா, கோடைப் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். ஹை ஸ்கூலிலேயே நடக்கும் கூட்டுச் சேர்க்கை வகுப்புகள் (பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் படிப்பது) 2015 சட்டத்துக்குப் பிறகு எங்களிடமும் பெருகியிருக்கின்றன. அந்த வகுப்புகளின் கடைசி வாரத்தில் அடுத்த இரண்டு வருஷச் சுழற்சியைக் கையில் கொடுக்கப் போகிறோம்.

வரலாற்றோடு இணைப்பு பற்றி: நிர்வாகத்துக்கு ஒரே தலைவர் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பட்டமும் பாடங்களும் தனியாக இருக்கும்வரை பெயர்ப்பலகையில் என்ன இருந்தால் என்ன. பட்டத்தை எடுப்பதற்குத்தான் அகாடமிக் செனட்டில் (ஆசிரியர் பேரவையில்) எதிர்த்து நிற்பேன்.

காலியான முழுநேர இடத்தையும் கேட்டிருக்கிறேன். இந்த வருஷம் கிடைக்காது. கேட்ட பதிவு இருக்கட்டும்.

ஃப்ரீமாண்ட் அம்மா

சார், அந்தச் சுழற்சி அட்டவணையை ஒரு படமா போடுங்க. பிடிஎஃப்னா யாரும் திறக்க மாட்டாங்க, படம்னா குரூப்புல போடலாம். மாலை 6 மணி வகுப்புக்கு ஹை ஸ்கூல் பிள்ளைங்களும் வர முடியும், அது உங்களுக்குத் தோணியிருக்கான்னு தெரியல.

பனங்கூடல்

பத்துப் பேர் எண்டு எழுதினது நல்லது. ஆனால் எந்தத் திகதியில பத்துப் பேர்? எங்களைப் போல ஆக்கள் கடைசிக் கிழமையிலதான் பதியிறவை. வகுப்பு தொடங்கின முதல் நாள் எண்டு போடுங்கோ.

ஃப்ரீவே பறவை

நான் கேட்டது இன்னும் அந்தரத்துல நிக்குது. சுழற்சி நல்லா இருக்கு. ஒன்பது பேர் வந்து ரத்தானா யார் வகுப்பு போகும்?

கரிசல்வாத்தி

பனங்கூடல், "முதல் நாள்" என்று மாற்றிவிட்டேன்.

ஃப்ரீவே பறவை, யூனியன் ஆளிடம் பேசினேன். எங்கள் ஒப்பந்தத்தில் சுமையை வருஷக் கணக்கில் சரிக்கட்ட வழி இருக்கிறது. அதனால் இப்படிச் சேர்க்கிறேன்: சுழற்சிப் பாடம் ரத்தானால் முழுநேர ஆசிரியர் அந்தப் பருவத்தில் பார்ட் டைம் ஆசிரியரின் வகுப்பை எடுக்க மாட்டார், அடுத்த பருவத்தில் ஒரு வகுப்பு கூடுதலாக எடுத்து ஈடுகட்டுவார். முழுநேர ஆசிரியர் என்றால் இப்போது நான் ஒருவன்தான், அதனால் தடுக்க யாரும் இல்லை. பார்ட் டைம் ஆசிரியரே சுழற்சிப் பாடம் எடுத்து அது ரத்தானால், தயாரிப்புக்கு ஒரு தொகை தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது டீன் கையில். சர்வதேச உறவுகளை நீங்கள் எங்கள் கல்லூரியில் எடுக்க முடியுமா? வியாழன் மாலை.

ஃப்ரீவே பறவை

முதல் வரி இறுதி வடிவத்துல அப்படியே இருந்தா எடுக்கிறேன். ரெண்டாவதையும் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வியாழக்கிழமையை வேற காலேஜுக்குக் குடுக்காம வைச்சிருக்கேன், நவம்பர் முதல் வாரத்துக்குள்ள சொல்லணும். அங்க ஸ்பிரிங் அட்டவணை அப்பதான் போடுறாங்க.